பாதியில் நின்ற ஸ்வரம்

ரசிகர் சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு டெல்பர்ட் ஹாஸ்கியூ முதலில் சொல்லிக்கொடுப்பது தொப்பி விஷயத்தைத்தான். மற்றதெல்லாம் போகப்போகத் தெரிந்துகொள்ளலாம். இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு. இரண்டாவது சரணம் முடிந்ததும் ஸ்டீல் கித்தார் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து மேலே ஏறும். ஏறி, பாதியில் நின்றுவிடும். போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாது. அந்த இடத்தில் எல்லோரும் எழுந்து, தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டு முடியும்வரை இருமக்கூடக் கூடாது.

இசைத்தட்டின் பெயர் 'டீசலும் லில்லியும்'. குழுவின் பெயர் கெர்ன் ரிவர் ஆர்ஃபன்ஸ். ஊர் இதே பேக்கர்ஸ்ஃபீல்ட். 1969-ல் அது வெளிவந்தபோது கன்ட்ரி பாட்டு ரசிகர்கள், முடி வளர்த்த ராக் பையன்களின் கூச்சல் என்றார்கள். முடி வளர்த்த பையன்கள், லாரி டிரைவர்களின் ஒப்பாரி என்றார்கள். ஆக, யாரும் வாங்கவில்லை. வாங்காதவர்கள் மேல் டெல்பர்ட்டுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அப்போது அவருக்கு எட்டு வயது, அவரும் வாங்கவில்லை.

சங்கத்துக்கு வேறு கோபங்களும் உண்டு. பத்திரிகைகள் அவ்வப்போது வெளியிடும் நூறு சிறந்த இசைத்தட்டுகளில் இது வருவதில்லை என்று கோபம். ஒரு முறை தொண்ணூற்றெட்டாவதாக வந்தது. இனிக் கண்டவனெல்லாம் கேட்பான் என்று அதற்கும் கோபம். கன்ட்ரி ராக் பிறந்தது இங்கே அல்ல, லாஸ் ஏஞ்சலஸில் என்று யாராவது சொன்னால், அவரோடு சங்கம் பேச்சை நிறுத்திக்கொள்ளும். செயலாளர் லோர்னா இபார்ராவின் மைத்துனர் அப்படிச் சொன்ன நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் பண்டிகை வான்கோழி இரண்டு வீட்டில் தனித்தனியாக வேகிறது.

இத்தனை கோபத்துக்கும் மருந்து அந்தப் பாதி ஸ்வரம்தான். பல் டாக்டர் தாட் கிம்ப்ரோ அதை முழங்கையில் பச்சை குத்தியிருக்கிறார்: ஐந்து கோடுகள், அதில் ஒரு புள்ளி, கோட்டைத் தொடாமல் கொஞ்சம் கீழே. அமெரிக்க விவசாயியின் நிறைவேறாத கனவு அது என்று நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். லோர்னா அதை விவாகரத்து என்பார். அவருக்கு விவாகரத்து ஆகியிருக்கிறது. தலைவர் டெல்பர்ட் பாதாம் தோப்புகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் விற்கிறவர். விளக்கம் எதுவும் சொல்வதில்லை. அந்த இடம் வரும்போது எல்லோருக்கும் முன்னால் எழுந்து நிற்பார், அவ்வளவுதான்.

அந்த ஸ்வரத்தை வாசித்த ராய்ஸ் டாக்கெட் உயிரோடு இருக்கிறார், அதுவும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆயில்டேலிலேயே, என்று லோர்னா கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். தீவனக் கடை வரிசையில் தனக்கு முன்னால் நின்ற கிழவர் ஆட்டுத் தீவனத்துக்குக் கையெழுத்துப் போட்டபோது, அந்தப் பெயரை லோர்னா படித்திருக்கிறார். அங்கேயே அழுதிருக்கிறார். கிழவர் பயந்துபோய் தீவன மூட்டையை விட்டுவிட்டுப் போனாராம். எப்படியோ பேசிப் பேசி, இசைத்தட்டின் ஐம்பதாம் ஆண்டு விருந்துக்கு அவரைச் சம்மதிக்க வைத்தார்கள்.

விருந்து, இங்கே குடியேறிய பாஸ்க் இனத்து ஆட்டிடையர்கள் எந்தக் காலத்திலோ தொடங்கிய சாப்பாட்டுக் கடையில், நீள மேசையில். சூப், மொச்சை, ஊறவைத்த மாட்டு நாக்கு எல்லாம் வரிசையாக வந்தன. ராய்ஸ் நடுவில் உட்கார்ந்திருந்தார். தாட் சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையை நீட்டினார்.

"இது உங்களோடது, மிஸ்டர் டாக்கெட்."

ராய்ஸ் குனிந்து பார்த்தார். "கொசுவா கடிச்சுது?"

எல்லோரும் சிரித்தார்கள். மேதைகள் இப்படித்தான் தன்னடக்கமாகப் பேசுவார்கள் என்று டெல்பர்ட் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பிறகு இசைத்தட்டைச் சுழலவிட்டார்கள். இரண்டாம் பக்கம் வந்தது. மூன்றாவது பாட்டு. ஸ்வரம் ஏறியது, நின்றது. நாற்காலிகள் கிறீச்சிட, கூடமே எழுந்தது. தொப்பிகள் மார்புக்குப் போயின. தலைகள் குனிந்தன.

ராய்ஸ் மட்டும் உட்கார்ந்திருந்தார். வாயில் இருந்த நாக்குத் துண்டை மெதுவாக மென்று முடித்தார். மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். தன் தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்தி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்துவிட்டார்.

"கண் கலங்கிட்டார் பாவம்," என்றார் தாட்.

கூடம் கைதட்டியது.

அந்த வாரக் கடைசியில் லோர்னா தொலைபேசியில் கூப்பிட்டார். "டெல், உக்காந்துக்கோ. டாக்கெட் பர்பாங்க் இசைத்தட்டுக் கம்பெனிக்குப் போன் பண்ணியிருக்கார். தட்டை மறுபடி போடறாங்க இல்ல, அதுல அந்த ஸ்வரத்தைச் சரிபண்ணிடச் சொல்லிட்டாராம்."

"சரிபண்ணறதா?"

"மேல ஏத்திடறது. கம்ப்யூட்டர்ல காபி குடிக்கற நேரத்துல முடிஞ்சிடுமாம். அங்க ஒரு பையன், கேடன்னு பேரு, சந்தோஷமா சொல்றான்."

சங்கம் அவசரமாகக் கூடியது. இது கொலை என்றார் ஒருவர். டாக்கெட்டுக்கு இசையே தெரியாது என்றார் இன்னொருவர். கம்பெனி திருத்தினால் புதிய தட்டைப் புறக்கணிப்பது என்று தாட் தீர்மானம் கொண்டுவந்தார். புறக்கணிப்பு என்றால் ஆளுக்கு ஒரு தட்டுக்கு மேல் வாங்கக்கூடாது, அதுவும் எவ்வளவு மோசம் என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும், என்று விளக்கமும் சேர்த்தார். கடைசியில், தலைவர் என்ற முறையில் டெல்பர்ட்டே நேரில் போய்க் கேட்பது என்று முடிவாயிற்று.

ராய்ஸ் டாக்கெட் தீவனக் கடைக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் வீட்டில் இருந்தார். வாசலில் இரண்டு ஆடுகள் கட்டியிருந்தன.

"உள்ள வா. கதவைச் சாத்து, குளிர்ச்சி போயிடும்."

உள்ளே கூலர் இரைந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், மேசைபோல் நாலு காலில், ஸ்டீல் கித்தார். கீழே பெடல்கள். டெல்பர்ட் அதைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு பார்த்தார். மனசு இளகுவதற்குள் பேசிவிட வேண்டும்.

"மிஸ்டர் டாக்கெட், அந்த ஸ்வரத்தை மாத்தச் சொன்னீங்களாமே."

"மாத்தச் சொல்லலை. திருத்தச் சொன்னேன்."

"அதுக்கு உங்களுக்கு உரிமை கிடையாது."

ராய்ஸ் நாற்காலியில் நிமிர்ந்தார். "வாசிச்சது யாரு?"

"நீங்கதான். ஆனா கேட்டது நாங்க."

"கேட்டீங்க. நல்லா கேட்டீங்க. என்னை வரவழைச்சு, சோறு போட்டு, என் தப்பு வர்ற நேரம் பார்த்து எழவு வீடு மாதிரி எல்லாரும் எழுந்து நின்னீங்க."

"ஐயையோ, அது மரியாதைங்க."

"இந்த ஊர்ல தொப்பியைக் கழட்டறது ரெண்டுக்குத்தான் தம்பி. கொடிக்கும் பிணத்துக்கும். அங்க நான் சுத்திமுத்திப் பார்த்தேன், கொடி எதுவும் இல்லை."

டெல்பர்ட்டுக்கு முகம் சிவந்தது. இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. ஆனாலும் கோபம் இறங்க மறுத்தது. "அது தப்புன்னு யார் சொன்னா? அதுக்காகவே ஃப்ரெஸ்னோல இருந்து வண்டி ஓட்டிட்டு வர்ற ஆள் இருக்கு."

"நான் சொல்றேன். பெடலுக்கும் உள்ளே இருக்கற நெம்புகோலுக்கும் நடுவுல ஒரு கம்பி போகும், பாரு, இது. அது அன்னிக்குக் கொக்கியை விட்டுக் கழண்டுடுச்சு. மிதிக்கறேன், தரையை மிதிச்ச மாதிரி இருக்கு. ஸ்வரம் ஏறணும். சரின்னு விரலைக் கொடுத்து நரம்பை இழுத்தேன். பாதிதான் வந்துது. விவசாயியும் இல்லை, கனவும் இல்லை. ஒரு கொக்கி."

தாட்டின் கட்டுரையை இவருக்கு யார் அனுப்பினார்கள் என்று டெல்பர்ட் மனசுக்குள் திட்டிக்கொண்டார். அனுப்பியவர் டெல்பர்ட்டேதான்.

"அந்தத் தட்டுல நான் ஒன்பது பாட்டு வாசிச்சேன்," என்றார் ராய்ஸ். "எட்டு சுத்தம். அதுல ஏதாவது ஒண்ணு உனக்கு ஞாபகம் இருக்கா?"

"முதல் பாட்டு ஆரம்பத்துல, டிரம்ஸுக்கு முன்னால, ரெண்டே ரெண்டு ஸ்வரம் வைப்பீங்க," என்றார் டெல்பர்ட். "நாலாவதுல பாடகர் மூச்சு வாங்கற இடத்தையெல்லாம் நீங்க நிரப்புவீங்க, அவர் திரும்ப வந்ததும் ஒதுங்கிடுவீங்க. இரண்டாம் பக்கம் கடைசிப் பாட்டுல, முடியுதுன்னு எல்லாரும் நிறுத்தின பிறகும் நீங்க மட்டும் விடாம, ஒலியைக் குறைச்சுக் குறைச்சு, வண்டி தூரம் போற மாதிரி."

ராய்ஸ் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அப்போ அதுக்கெல்லாம் ஏன் யாரும் எழுந்திருக்கலை?"

டெல்பர்ட் யோசித்துப் பார்த்தார். "அதெல்லாம் சரியா இருந்துது," என்றார்.

சொன்ன பிறகுதான் அது காதில் எப்படி விழுந்தது என்று அவருக்கே தெரிந்தது. ராய்ஸ் கித்தாருக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். இரும்புத் துண்டை எடுத்து நரம்புகள் மேல் வைத்தார். அதே பாட்டு, இரண்டாவது சரணத்தின் முடிவு. விரல்கள் தடித்திருந்தன. ஆனால் ஸ்வரம் ஏறியது. பாதியைத் தாண்டியது. போய்ச் சேர்ந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு," என்றார் டெல்பர்ட். "பழசைவிட நல்லா இருக்கு. அதுதான் எரிச்சலா வருது."

ராய்ஸ் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "இன்னொரு தடவை வாசிக்கறேன்னு அன்னிக்கே கேட்டேன். கொக்கியை மாட்ட ஒரு நிமிஷம். வாண்டிவர் கார் சாவியைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறான். 'விடு ராய்ஸ், இதையெல்லாம் எவன் கேட்கப் போறான்'னுட்டுப் போயிட்டான்."

கிளே வாண்டிவர்தான் குழுவின் பாடகர். காலமாகி வெகுநாள் ஆகிறது. டெல்பர்ட்டின் லாரியில் அவர் படம் தொங்குகிறது. டெல்பர்ட்டின் நாய்க்கும் வாண்டிவர் என்றுதான் பெயர்.

"எவன் கேட்கப் போறான்னா சொன்னார்?"

"அதேதான்."

"எவன் கேட்கப் போறானா? நான் கேட்டேன். என் கல்யாணத்தன்னிக்குக் காலையில கேட்டேன். எங்கப்பாவை ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்து, வண்டியை நிறுத்தாம கேட்டேன். எவன் கேட்கப் போறானா?" டெல்பர்ட் எழுந்து நின்றுவிட்டார். செத்த மனிதரின் சட்டையைப் பிடிக்க முடியாது. ஆகவே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"பொறு தம்பி, நாற்காலி வாடகை," என்றார் ராய்ஸ். "இதான் என் வயித்தெரிச்சல். ஸ்வரம் கீழ நிக்குதேன்னு இல்லை. அது கீழ நிக்குதுன்னு தெரியாத ஆள் ஒருத்தன் வாசிச்சான்னு உலகம் நினைக்குது பாரு, அது. எனக்கு அப்பவே தெரியும்."

"அப்போ அதையே போடச் சொல்லுவோம்."

"எதை?"

"நீங்க இன்னொரு தடவை கேட்டதை. அட்டையில, உங்க பேருக்குக் கீழ. ஸ்வரம் அப்படியே இருக்கட்டும்."

ராய்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தொலைபேசியை நகர்த்தி வைத்தார். பர்பாங்கில் கேடன் எடுத்தான். விஷயத்தைக் கேட்டதும், அட்டையில் புதிய வரி சேர்ப்பது வழக்கமில்லை, வாண்டிவர் குடும்பம் வருத்தப்படும், வடிவமைப்பு முடிந்துவிட்டது, ஸ்வரத்தைத் திருத்துவதுதான் எல்லோருக்கும் சுலபம் என்றான். டெல்பர்ட் தொலைபேசியை வாங்கிக்கொண்டார்.

"தம்பி, இந்தத் தட்டை இந்த உலகத்துல யார் வாங்கப் போறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

கேடன் யோசித்தான். "உங்க சங்கம்."

"வேற?"

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. வேறு யாரையாவது தேடிப் பார்க்கிறான் என்று தெரிந்தது.

தட்டு இலையுதிர் காலத்தில் வந்தது. ஸ்வரம் பாதியிலேயே நின்றது. அட்டையின் பின்பக்கம் ஒரு வரி கூடியிருந்தது: 'ஸ்டீல் கித்தார்: ராய்ஸ் டாக்கெட். இன்னொரு தடவை வாசிக்கக் கேட்டார், விடவில்லை.'

டெல்பர்ட் அதை வெற்றி என்று நினைத்துக்கொண்டுதான் சங்கத்துக்குப் போனார். உள்ளே நுழைந்ததும் தெரிந்துவிட்டது. யாரும் முகம் கொடுக்கவில்லை. மேசை நடுவில் புதிய அட்டையும், பக்கத்தில் 1969-ம் வருஷத்து அட்டையும் வைக்கப்பட்டிருந்தன, சவப்பரிசோதனைபோல.

"இந்த வரி பழைய அட்டையில இல்லை," என்றார் தாட்.

"இல்லைதான். உண்மையில நடந்தது."

"நடந்திருக்கலாம். அட்டையில இல்லை."

"அந்த மனுஷன் ஐம்பது வருஷமா," என்று தொடங்கினார் டெல்பர்ட்.

"டெல், உன் மனசு நல்ல மனசு," என்றார் லோர்னா. "ஆனா ஸ்வரத்துல கைவைக்கக் கூடாதுன்னு சொல்லி உன்னை அனுப்பினோம். நீ அட்டையில கைவெச்சுட்டு வந்திருக்கே. அதுவும் கொக்கி கழண்டுதுன்னு ஊரெல்லாம் சொல்றே. இனி எனக்கு அந்த இடம் வந்தா கொக்கிதான் ஞாபகம் வருது. என் விவாகரத்து எங்க போச்சு?"

வரியை மறைக்க ஒட்டுத்தாள் அச்சடிப்பது என்றும், புதிய தலைவராக டாக்டர் கிம்ப்ரோவைத் தேர்ந்தெடுப்பது என்றும் தீர்மானங்கள் நிறைவேறின. இரண்டாவதை முன்மொழிந்தவர் டாக்டர் கிம்ப்ரோ.

டெல்பர்ட் வெளியே வந்தார். இவர்களோடு இனி ஜென்மத்துக்கும் பேசுவதில்லை என்று வண்டி நிறுத்துமிடத்தில் நின்று முடிவுசெய்துகொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. ராய்ஸ் டாக்கெட்.

"தட்டு வந்துது."

"பார்த்தீங்களா, மிஸ்டர் டாக்கெட்? அந்த வரி."

"எங்க பார்க்கறது? எறும்பு ஊர்ற மாதிரி போட்டிருக்கான். கண்ணாடி போட்டுப் பார்த்தேன், வெயில்ல வெச்சுப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி படிச்சுச் சொல்ல வேண்டியதாப் போச்சு. வாண்டிவர் பேரை மட்டும் கட்டைவிரல் மொத்தத்துக்குப் போட்டிருக்கான்."

டெல்பர்ட் தன் பிரதியை எடுத்துத் திருப்பினார். கண்ணுக்கு அருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். உண்மைதான். கேடன் வேண்டுமென்றே செய்திருக்கிறான்.

"போனை வையுங்க," என்றார். "அவனை நான் பார்த்துக்கறேன்."

வண்டிக்குள் ஏறக்கூடப் பொறுமையில்லாமல், கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, பர்பாங்க் எண்ணை அழுத்தினார்.