ஒன்பது மணிப் பாட்டு

...இல்லை, இதுவும் இல்லை, இங்கே யாரோ சிரிக்கிறார்கள், காலையிலேயே எதற்கு இப்படிச் சிரிக்கிறார்கள், முள்ளை இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் நகைக்கடை விளம்பரம், அதற்கும் அப்பால் காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்ததுபோல ஒரே இரைச்சல்... ரம்லத் பீவி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி திருகினாள். ஆய்ந்துகொண்டிருந்த சங்கரா மீனின் செதிள் ஒன்று குமிழில் ஒட்டிக்கொண்டு மினுங்கியது. தாஜுதீன் இருந்திருந்தால் சத்தம் போட்டிருப்பார், மீன் கையோடு தொடாதே புள்ள என்று. கட்டியவருடைய ரேடியோ. பேட்டரி மூடி உடைந்ததும் ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியவர் அவர்தான், அந்த ரப்பர் பேண்டு இன்னும் அறுந்துபோகவில்லை, மனிதர் போய்விட்டார். எதற்குத் திருகுகிறோம்? நேற்றே சொல்லிவிட்டார்களே, நாளை முதல் இந்த நேரத்தில் இளைஞர்களுக்கான புதிய நிகழ்ச்சி, இத்தனை காலமும் பழைய பாடல்களோடு எங்களுடன் இருந்த நேயர்களுக்கு நன்றி என்று, அந்த அறிவிப்பாளருக்கே குரல் கொஞ்சம் தழுதழுத்தது. தெரிந்தும் கை போகிறது. மௌத்து விழுந்த வீட்டில் மறுநாள் காலையிலும் போனவருக்குச் சேர்த்தே டீ போட்டுவிடுகிற கைதானே இது.

ஒன்பது ஆகப்போகிறது. செல்போன் சார்ஜரிலிருந்து பிடுங்கி வைத்தபடி மீன் சட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. ஒன்பதானால் மெட்ராஸில் அக்கா மைமூன் லாத்தா வீட்டுக்குப் போன் போட வேண்டும், அங்கே எடுப்பார்கள், யாரும் ஹலோ சொல்ல மாட்டார்கள், இவளும் சொல்ல மாட்டாள், போனை ரேடியோவின் வாய்க்கு நேராகச் சாய்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள், செய்தி தொடங்கியதும் வைத்துவிடுவாள், அவ்வளவுதான். இன்று எதற்கு நேராகச் சாய்த்து வைப்பது? இந்தச் சிரிப்புக்கா? இருந்த ஒரே நூல் அது... பாட்டு இல்லை என்றால் ஒன்று வாயைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் இத்தோடு விட்டுவிட வேண்டும். விட்டுவிடலாமா? பெற்றவள் படுக்கையில் கிடந்தபோது இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்தவளை விட்டுவிடலாமா? அல்லாஹ், காலையில் இதெல்லாம் எதற்கு, மீன் கெட்டுவிடும், முதலில் மீனைக் கழுவு.

அவ்வளவு பெரிய பட்டணம், அண்ணாந்து பார்த்தால் தலைமுக்காடு நழுவுகிற உயரத்துக்கு வீடுகள், அங்கே பழைய பாட்டுக்கு என்று ஒரு ஸ்டேஷன் இல்லையாம். இந்தப் பழக்கம் தொடங்கிய அன்று லாத்தாவின் மருமகள் இர்ஃபானாதான் போனில் சொன்னாள். "சின்ன மாமி, மாமி எந்திரிச்சதுலேர்ந்து ரேடியோவத் திருகிக்கிட்டே இருக்காங்க. இங்க எல்லா ஸ்டேஷன்லயும் புதுப் பாட்டுதான். ஒன்னுல மட்டும் பழசு போடுறான், அதுவும் ஊரு அடங்குனப்புறம், மாத்திரை போட்டுப் படுக்குறவங்களுக்கு அது என்னத்துக்கு? என் போன்ல எடுத்துக் குடுத்தா வேணாங்கறாங்க. நாமளா தேடி எடுத்தா அது என்னாடி பாட்டு, அடுத்து என்ன வரும்னு தெரியாம ஒக்காந்திருக்கணும்ங்கறாங்க. அங்க, கடலுக்கு அங்கிட்டு இருக்குற ஸ்டேஷன் நல்லாக் கேக்குமாமே?" கேட்கும், கொண்டல் காற்று அடித்தால் பக்கத்து வீட்டில் பாடுவதுபோலக் கேட்கும். இங்கிருந்து போகிற போட்டைத்தான் அங்கே பிடித்து வைத்துக்கொள்கிறார்கள், அங்கிருந்து வருகிற பாட்டை யார் பிடிக்க முடியும்? "போனை ரேடியோகிட்ட வைக்கிறேன். ஆனா நான் பேச மாட்டேன், அதைச் சொல்லிப்புடு" என்றாள் ரம்லத் பீவி. இர்ஃபானா சிரித்துவிட்டாள். "அவங்களும் அதையேதான் சொல்லச் சொன்னாங்க. ஒரே அச்சுல ரெண்டு பேரையும் வார்த்துருக்காங்க போங்க."

சிரிக்கிறவள் சிரிப்பாள், அவளுக்கு என்ன தெரியும். ஐஸ் பிளான்ட் வாசலில் தாஜுதீன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்று கறம்பக்குடியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள், ஆலங்குடியிலிருந்து அவருடைய சிநேகிதர் சேவுகன் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்தார், கபுருஸ்தான் வரைக்கும் வந்து ஒரு பிடி மண் போட்டுவிட்டு ஓரமாக நின்று அழுதார், அவர் என்ன சொந்தமா? கூடப் பிறந்தவள் வரவில்லை. உம்மாவுக்கு வர முடியலை சாச்சி என்று மகன் முகமது அஸ்வர் ஒரு வரி சொன்னான், அவ்வளவுதான். நாற்பதாம் பாத்திஹாவுக்குக் காரில் வந்தாள். வந்தவள் நேரே உள்ளே வந்தாளா? வாசல் படியில் உட்கார்ந்துகொண்டாள். பந்தலில் அத்தனை பேர் பார்க்க அப்படியே உட்கார்ந்திருந்தாள், ரம்லத் பீவி திரைச்சீலை வழியாகப் பார்த்தபடி இருந்தாள், நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும் என்று காத்திருக்கிறாளாக்கும், பட்டணத்துக்காரி... அப்புறம் எழுந்து உள்ளே வந்தபோது இவள் சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். ஏச்சு இல்லை, பேச்சு இல்லை. சாப்பிடாமலேயே காரில் ஏறிப் போய்விட்டாள்.

மூன்று நாளைக்கு மேல் முகம் கொடுக்காமல் இருப்பது ஆகாது, சலாமை முதலில் சொல்கிறவரே இரண்டு பேரில் மேலானவர் என்று பெண்கள் பயானில் ஆலிம்சா சொன்னபோது தன்னைப் பார்த்துச் சொன்னதுபோல இருந்தது. மூன்று நாள் எங்கே, இது எங்கே. ஆனாலும் சுபுஹு தொழுதுவிட்டுக் கையேந்தும்போது இவள் ரப்பிடமே வழக்காடியிருக்கிறாள், நான்தான் தினமும் போன் போடுகிறேனே, பாட்டுப் போடுவது பேச்சில் சேராதா, கொஞ்சமாவது சேர்த்துக்கொள்ளக் கூடாதா... அவன் கருணையாளன், கொஞ்சம் சேர்த்துத்தான் இருப்பான். அந்தக் கொஞ்சமும் இன்றைக்கு இல்லை.

"என்னக்கா, அந்த ரேடியோ காத இந்தத் திருகு திருகுறீங்க? அது என்ன பள்ளிக்கூடத்துப் புள்ளையா?" சந்தனமேரி, மீன் கூடையோடு வாசலில் நின்றாள். அவள் புருஷன் போன போட்டு கடலுக்கு அந்தப் பக்கம் பிடிபட்டு, போன மாதம்தான் விடுபட்டுத் திரும்பியிருக்கிறது, அவன் அங்கே இருந்த நாளெல்லாம் இந்த வீட்டுச் சோற்றில் ஒரு பங்கு அவள் வீட்டுக்குப் போனது, அதை இரண்டு பேருமே பேசிக்கொள்வதில்லை, ஆனால் நல்ல மீன் வந்தால் முதல் மீன் இந்தச் சட்டியில்தான் விழும். "பாட்டை நிறுத்திட்டாங்கடி." "நிறுத்துனா நிறுத்துறான். போனப் போட்டு லாத்தா, நல்லாருக்கீங்களான்னு கேட்டா வாயில இருக்குற முத்து கொட்டிருமா?" "ஒனக்குத் தெரியாது." "ஆமா, எனக்கென்ன தெரியும்! எங்கக்கா ஒருத்தி இருந்தா, சந்தைக்குச் சந்தை சண்டை போட்டோம். இப்ப சண்டை போடவும் ஆளில்ல" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தச் சிரிப்பு மட்டும் வாசலிலேயே நின்றது.

ஒன்பது தாண்டிவிட்டது. ரம்லத் பீவி போனை எடுத்தாள், வைத்தாள். ரேடியோவில் எவனோ மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தான். லாத்தா இப்போது அங்கே போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாளா? நேற்று அந்த அறிவிப்பை அவளும்தானே கேட்டிருப்பாள். கேட்டுவிட்டு, சரி, முடிந்தது என்று எழுந்து போயிருப்பாளா... அப்போதுதான் போன் அடித்தது. எப்போதும் இங்கிருந்துதான் போகும், அங்கிருந்து வந்ததே இல்லை. மீன் கையோடு எடுத்துக் காதில் வைத்தாள். பாட்டு. பழைய பாட்டு, தாஜுதீன் குளிக்கும்போது பாதி வரியை விழுங்கிவிட்டுப் பாடுவாரே, அது. முடிந்ததும் அறிவிப்பாளர் வரவில்லை, விளம்பரம் வரவில்லை, உடனே இன்னொன்று தொடங்கிவிட்டது. இது ஸ்டேஷன் இல்லை, பழைய பாட்டெல்லாம் உள்ளேயே ஏற்றி வைத்திருக்கிற ஏதோ பெட்டி. பின்னால் இர்ஃபானாவின் குரல், "ரெண்டு பெருநாளைக்கு முன்னாடி ஒங்க மகன் ஆசையா வாங்கியாந்த பெட்டி, அட்டையக்கூடப் பிரிக்க விடாம அலமாரி மேல தூக்கி வச்சீங்க. இப்ப சின்ன மாமிக்குன்னதும் நீங்களே பிரிச்சாச்சு. நல்லாருக்கு மாமி ஒங்க நியாயம்!" ஸ்ஸ் என்று யாரோ அவளை அடக்குவது கேட்டது.

பெட்டி இருந்ததா? இத்தனை நாளும் கைக்கெட்டும் தூரத்தில் பாட்டை வைத்துக்கொண்டு, லாத்தா, பின்னே நீ இங்கே எதைக் கேட்டுக்கொண்டிருந்தாய்? நான் சட்டி கழுவுவதையா, கோழியை விரட்டுவதையா, தனியாக இருக்கிறவள் தனக்குத் தானே பேசிக்கொள்வதையா, சில நாள் பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்து அழுதேனே, அதையா... ரம்லத் பீவி கையை நீட்டித் தன் ரேடியோவை அணைத்தாள். சமையல்கட்டு அமைதியாகிவிட்டது. இங்கே அமைதியானது அங்கே தெரிந்திருக்க வேண்டும், பெட்டியின் சத்தமும் மெல்லக் குறைந்தது, குறைந்து நின்றது.

பாட்டு இருந்த இடத்தில் ஒரு மூச்சு இருந்தது. இழுத்து, ஓட்டையான துருத்திபோல விசிலடித்து, பாதியில் நின்று, மறுபடி ஏறுகிற மூச்சு. இது எத்தனை நாளாக? இத்தனை நாளும் இங்கிருந்து பாட்டுத்தான் போனது, அங்கிருந்து வந்ததை ஒருநாளும் இவள் காதில் வைத்துக் கேட்டதில்லை. வர முடியலை என்று அஸ்வர் சொன்னது... மாத்திரை போட்டுப் படுக்கிறவர்கள் என்று இர்ஃபானா சொன்னது... படி, அந்த வாசல் படி, லாத்தா ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தலை குனிந்திருந்தது, முதுகு ஏறி ஏறி இறங்கியது, திரைச்சீலை வழியாக இவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள், பந்தலிலிருந்து வாசல் எத்தனை தூரம், அதற்கே...

"அஸ்ஸலாமு" என்று தொடங்கினாள், மீதி வரவில்லை. அந்தப் பக்கமும் எதையோ சொல்லத்தான் பார்க்கிறது, மூச்சு இடம் கொடுக்கவில்லை. செதிள் ஒட்டிய கையால் போனைக் காதோடு இன்னும் அழுத்தினாள். யார் முதலில் சொன்னது என்று ஆகும் இது?