மாட்டின் இடது பக்கம்

1

இந்தக் கதை பிறந்தது என் அக்காவின் சாப்பாட்டு மேஜையில். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் கதை முழுக்க அக்காதான் இருக்கிறார், நடுநடுவே எழுந்து வந்து சண்டையும் போடுவார். அவர் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியின் பொறுப்பு முதல்வர். கல்லூரி ஆண்டு மலருக்கு, "பெருந்தொற்றுக்குப் பின் நம் கல்லூரி: வளர்ச்சியும் தலைமையும்" என்று ஒரு கட்டுரை தேவைப்பட்டது. உலகத்தில் எழுதத் தெரிந்தவன் வேறு எவனும் இல்லாதது போல அதை என் தலையில் கட்டினார்.

"நாலு பக்கம் போதும்டா. கொஞ்சம் கௌரவமா இருக்கட்டும்."

சரி என்றேன். பேச்சோடு பேச்சாக, ஆய்வுக் குழு வந்த அன்று நடந்ததையும் சொல்லிவிட்டு, சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். கட்டுரை அந்த இடத்திலேயே உயிரை விட்டது.

2

முதல் தொடக்கம்: பெருந்தொற்றின் இருள் விலகி, அறிவுக் கதிரவன் கல்லூரி வளாகத்தில் மெல்ல...

(வேண்டாம். இதை முடித்தால் என் பேனாவே என்னை மதிக்காது.)

இரண்டாவது தொடக்கம்: முதல்வர் சன்னலோரம் நின்று தொடுவானத்தை நோக்கினார். அவர் கண்களில் நாளைய...

(அந்தச் சன்னலில் தொடுவானம் தெரியாது. சாணக் குழிதான் தெரியும். அக்கா அங்கே நிற்பது, குழியை அள்ள ஆள் வந்தாயிற்றா என்று பார்க்க.)

மூன்றாவது தொடக்கம்: மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

இது இருக்கட்டும். இந்தக் கதையில் ஒரு தப்பும் செய்யாத ஒரே ஆள் மாடுதான்.

3

மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. கல்லூரித் தொழுவத்தில் மாடுகள் நிறைய உண்டு. ஆனால் முன்பின் தெரியாத மாணவர்கள் வரிசையாக வந்து தொட்டாலும் தட்டினாலும் உதைக்காத மாடு அது ஒன்றுதான். அதனால் எல்லோரும் அதைப் பேராசிரியை என்று கூப்பிட்டார்கள். உண்மையான பேராசிரியர்கள் சிலருக்கு இதில் வருத்தம்.

பெருந்தொற்றுக் காலத்தில் பழைய முதல்வர் விடுப்பில் வீட்டுக்குப் போனார், போன இடத்திலேயே ஓய்வும் பெற்றுவிட்டார். பொறுப்பு, மருத்துவப் பிரிவுப் பேராசிரியரான அக்காவின் தலையில் விழுந்தது. மாணவர்கள் வீட்டில் அடைந்து கிடந்தார்கள், அவர் மட்டும் தினமும் தொழுவத்துக்கு வந்தார். போனைச் சன்னல் கம்பியில் செருகி வைத்து, தனியாளாகப் பாடம் நடத்தி, வீடியோ எடுத்து அனுப்பினார். பேராசிரியையின் பெருவயிற்றில்* ஸ்டெத்தை வைத்து, "இதோ, இங்க வைங்க, கேளுங்க" என்று அவர் சொன்ன வீடியோவை மாணவர்கள் மனப்பாடமாகும் வரை பார்த்தார்கள்.

(* மாட்டு வயிற்றில் நான்கு அறைகள். பெரியது பெருவயிறு, அது இடது பக்கம் இருக்கிறது. காதை வைத்தால் உள்ளே ஏதோ உருண்டு போகிற சத்தம் கேட்கும். கேட்காவிட்டால் மாட்டுக்கு உடம்பு சரியில்லை. இதற்கு மேல் எனக்கும் தெரியாது.)

அப்புறம் வளர்ச்சி வந்தது. வீட்டில் அடைபட்டவர்கள் எல்லாம் ஆளுக்கொரு நாயோ பூனையோ வளர்த்திருந்தார்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் கால்நடை மருத்துவராகும் ஆசை வந்துவிட்டது. விண்ணப்பங்கள் குவிந்தன. முதல்வர் துணிந்து இடங்களை இரு மடங்காக்கினார். பெஞ்சு இரட்டித்தது, கழிப்பறை இரட்டித்தது, விடுதிச் சமையலறையில் சண்டை மூன்று மடங்கானது. பேராசிரியை மட்டும் ஒன்றாகவே இருந்தது. புது மாணவர்களுக்கு அதைக் கொடுத்தால் பழையவர்களுக்கு முறை வராது. "மூத்த பேட்ச் வீடியோல பாத்துட்டாங்க, அது போதும்" என்று கையெழுத்துப் போட்டவர் முதல்வர்.

(இந்த வரியை எடுத்துவிடச் சொன்னார். மாட்டேன் என்றேன். "அப்போ நல்ல கையெழுத்துன்னாவது எழுது" என்றார்.)

4

ஆய்வுக் குழு வந்தது. இரண்டு விஷயங்களை அவர்கள் முடிவு செய்ய வேண்டும்: கூடுதல் இடங்கள் நீடிக்குமா, முதல்வர் பதவிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'பொறுப்பு' போகுமா. குழுத் தலைவர் மெல்லிய குரல்காரர். மூத்த மாணவர்களின் செய்முறையைப் பார்க்கலாமே என்றார். முதல்வர் பெருமையோடு தொழுவத்துக்கு அழைத்துப் போனார்.

முதல் மாணவன் பேராசிரியையைச் சுற்றிக்கொண்டு போய், அதன் வலது பக்கம் ஸ்டெத்தை வைத்தான். நெடுநேரம் கேட்டான். முகம் இருண்டது. பெருவயிறு வேலை செய்யவில்லை, நிலைமை மோசம் என்றான். அடுத்தவனும் வலது பக்கமே போனான், அவனுக்கும் கவலை. மூன்றாவது மாணவி உடனே ஊசி போட வேண்டும் என்றாள். பேராசிரியை அசைபோட்டுக்கொண்டே தலைவரின் காலணி மேல் சாணமும் போட்டு, தான் நலமாக இருப்பதைத் தெரிவித்தது. அப்படியும் நான்காவது மாணவன் நம்பவில்லை.

முதல்வர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒருவன் தவறினால் அவன் படிக்கவில்லை. வகுப்பே ஒரே மாதிரி தவறினால்?

வரிசையில் நின்ற ஒருவன், நிலைமையை இலகுவாக்க நினைத்தானோ என்னவோ, முதல்வரிடம் கேட்டான். "மேடம், வீடியோல இடது கைல ஸ்டெத் பிடிக்கிறீங்க, நேர்ல எல்லாம் வலது கைலதான் செய்றீங்க. ரெண்டு கையும் வரும்ல உங்களுக்கு? நாங்க பேசிப்போம்."

அப்போதுதான் முதல்வருக்குப் புரிந்தது. தனியாள் என்பதால், மாடு திரைக்குள் தெரிகிறதா என்று பார்க்க முன் கேமராவில் எடுத்திருந்தார். அந்தப் போன் முன் கேமராவில் எடுத்ததையெல்லாம் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாக மாற்றிப் பதிந்து வைத்தது. அவர் கை மாறியது, மாடும் மாறியது. வீடியோ முழுக்க அவர் 'இடது' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. 'இதோ, இங்க' என்றுதான் சொன்னார்.

இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று தலைவர் கேட்டார்.

முதல்வர் பதில் சொல்வதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். இணைய வகுப்புகளில் ஒரு நாள்கூட வாய் திறக்காததால் அவளுக்கு மியூட் என்று பெயர். அவள் குரல் எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் கல்லூரிக்குத் தெரிந்தது.

"புத்தகத்துல இடதுன்னுதான் சார் இருக்கு. பரீட்சைலயும் அப்படித்தான் எழுதினோம். மாட்டுக்கிட்ட வந்ததும் புத்தகத்தை விட்டுட்டு மேடத்தை நம்பிட்டோம். தப்பு எங்களோடது."

தலைவர் தலையசைத்தார். அப்படியானால் கல்லூரி மேல் குறையில்லை, இந்த மாணவர்களை மட்டும் ஒரு வருடம் நிறுத்தி வைத்துவிடலாம் என்றார். பிறகு முதல்வர் பக்கம் திரும்பினார்.

"அப்படித்தானே மேடம்?"

முதல்வர் வாயைத் திறந்தார்.

5

திறந்து என்ன சொன்னார்? அக்கா சொல்ல மறுக்கிறார். "நீதானே கதை எழுதுறவன், எழுது" என்கிறார். எழுதினேன்.

முடிவு அ: முதல்வர் நிமிர்ந்து நின்று, பிழை தன்னுடையது, நிறுத்துவதானால் தன்னை நிறுத்துங்கள் என்றார். தொழுவமே கைதட்டியது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அக்கா படித்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா நான் இவ்வளவு நல்லவ இல்லடா" என்றார்.

முடிவு ஆ: முதல்வர் "ஆமாம்" என்றார். மியூட் திரும்பவும் பின்வரிசைக்குப் போய்விட்டாள்.

இதைப் படித்ததும் அக்கா தாளைக் கவிழ்த்து வைத்தார். "இவ்வளவு கெட்டவளும் இல்ல" என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது.

முடிவு இ: அந்த நேரம் பார்த்துப் பேராசிரியை தலைவரின் காலணி மேல்...

("அது முன்னாடியே ஆயிடுச்சு" என்கிறார் அக்கா. உண்மைதான்.)

6

முடிவில்லாத கதையோடு கல்லூரிக்குப் போனேன். முதல்வர் அறைக் கதவில் பெயர்ப்பலகை இல்லை. இரண்டு திருகு ஓட்டைகள் மட்டும் இருந்தன. புதுப் பலகை வருகிறது, அதனால் பழையதைக் கழற்றிவிட்டார்கள் என்றார் வாசலில் இருந்த உதவியாளர். புதிதில் என்ன எழுதியிருக்கும், 'பொறுப்பு' இல்லாமல் அக்கா பெயரா, வேறு யார் பெயராவதா என்று கேட்டேன்.

"பலகை வந்தாத்தானே சார் தெரியும்" என்றார்.

அக்கா தொழுவத்தில் இருந்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். பதவி போனவரும் அங்கேதான் நிற்பார், பதவி நிலைத்தவரும், மனசாட்சி இருந்தால், அங்கேதான் நிற்பார். மூத்த மாணவர்கள் பேராசிரியையைச் சுற்றி நின்றார்கள். தண்டனையாக நிற்கிறார்களா, பயிற்சிக்கு நிற்கிறார்களா என்பது முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. எப்படியானாலும் நிற்பது இடது பக்கம். மியூட் எல்லோரையும் அதட்டி வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தாள், அந்தச் சத்தத்துக்கு அவள் பெயரை மாற்றியே ஆக வேண்டும்.

"வந்துட்டியா? வா, காதை வை" என்றார் அக்கா. ஸ்டெத்தை என் காதில் மாட்டிவிட்டு, என் கையைப் பிடித்து, தானே சரியான இடத்தில் வைத்தார். காத்திருந்தேன். உள்ளே ஏதோ மெதுவாக உருண்டு போயிற்று. நான் கேட்க வந்த கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அவர் முகத்தில் அது தெரிந்தது.

ஆகவே முடிவும் பலகையும் உங்களுடையவை. அந்தத் தொழுவத்தில், சாணம் பட்ட காலணியோடு ஒருவர் "அப்படித்தானே?" என்று கேட்கிறார். உங்களை நம்பிய பெண் பக்கத்தில் நிற்கிறாள். நீங்கள் வாயைத் திறக்கிறீர்கள். என்ன சொல்வீர்களோ அதையே என் அக்காவும் சொன்னார் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதும்போது கண்ணாடியை மட்டும் பார்க்காதீர்கள். அதில் எல்லாமே பக்கம் மாறித்தான் தெரியும்.