ஆறாவது விளக்குக்குக் கீழே

...ஐந்து வரைக்கும் சரி, ஆறாவதுதான் மங்கல், ஏணியில் நின்று அதையே பார்க்கிறேன், பல்பு பழுது என்று சொல்லிவிடலாமா, வாய்வரை வந்துவிட்டது, ஏழு வருடம் சொன்ன வார்த்தை. கீழே அபு சாரி ஏணிக்காலைப் பிடித்தபடி என் வாயைப் பார்க்கிறார். நாற்பது வயதில் காய்ச்சலில் காது போனவர், உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பார். எதிர்க்கட்டடம் எழுந்த பிறகு இந்த அறைக்குப் பகலிலும் வெளிச்சம் கிடையாது, கரண்ட் போனால் இவருக்குப் பேச்சும் போய்விடும். அதற்குத்தான் பால்கனியில் பாட்டரி, கூரைப் பலகையில் பன்னிரண்டு வோல்ட் குழி விளக்குகள் ஆறு. நாளை சின்னவளைப் பெண் கேட்டு வருகிறார்கள், கேட்கிறவர் ஆறாவதற்குக் கீழேதான் உட்காருவார், தகப்பன்தான் பதில் சொல்ல வேண்டும்... நான் ஏதோ கத்துகிறேன், சமையலறையிலிருந்து அவர் மனைவி உம் சாரி, "வஜ்தி, அவருக்குத்தான் காது கேக்காது, எனக்கு நல்லாவே கேக்கும். ஜெனரேட்டரக் கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்தினவன்தானே நீ, மெதுவாப் பேச வராது!" என்கிறாள்.

அது உண்மைதான், படிப்பைப் பாதியில் விட்டவனுக்குத் தெரு ஜெனரேட்டர்தான், கரண்ட் போனால் வீடுகளுக்குக் காசுக்கு லைன் கொடுப்பதுதான், வேலை கொடுத்தது, சாயங்காலம் போனால் விடியும்வரை டீசல் நாற்றம். வேலையை விட்ட பிறகு இந்த மினா ஊரில் எவன் என்னை வீட்டுக்குள் விட்டான், முதலாளியின் நாய் என்றுதானே பெயர். இவள்தான் கூப்பிட்டாள், வந்ததும் பருப்புச்சோறு, மேலே பொரித்த வெங்காயம், சாப்பிட்டுவிட்டு ஏறு என்றாள். நன்றி என்று சொல்ல எனக்கு வராது, ஆனால் உள்ளே இருப்பது அதுதான், வேறொன்றுமில்லை. மீட்டரை வைக்கிறேன், பாட்டரியில் பன்னிரண்டரை, ஆறாவதில் பத்தரை. தெருவில் செய்ததையே இங்கும் செய்திருக்கிறேன், ஒரே மெல்லிய கம்பி, முதல் விளக்கிலிருந்து இரண்டாவதற்கு, அதிலிருந்து மூன்றாவதற்கு... ஒரு பால்கனியிலிருந்து அடுத்த பால்கனிக்கு இழுத்துக்கொண்டே போவோமே, அதே போல, கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது கம்பியில் என்ன மிச்சம் இருக்கும், வந்து கேட்டால் பல்பு பழுது, மாத்திக்கோ. பன்னிரண்டு வோல்ட்டில் அந்தத் தப்பு இன்னும் சீக்கிரம் தெரிகிறது. அபு சாரி விரலால் ஆறாவதைக் காட்டி, "மங்கல்," என்கிறார், மேடு பள்ளமில்லாத குரலில். "எனக்கு ஒரு பார்வையிலேயே தெரியும். எங்க வீடுதானே உங்க லைன்ல கடைசி."

கம்பியை எல்லாம் உருவுகிறேன், ஒவ்வொரு விளக்குக்கும் பாட்டரியிலிருந்து தனி ஜோடி, தடித்த கம்பி, இரண்டு மணி நேரம் கூடுதல், அவர் ஏணியை விடவில்லை. உம் சாரி காபியோடு வந்து, "பெரியவளக் கேட்டு வந்த அன்னிக்கு லைட்டு அணைஞ்சிருந்தாக்கூடப் பரவாயில்ல," என்கிறாள், "மெழுகுவத்தி ஏத்தியிருப்போம். மங்கலுக்கு யாரு ஏத்துவா? அவங்க கேட்டது இவருக்குப் புரியல, முழிச்சாரு. இவரு தம்பி முந்திக்கிட்டுச் சம்மதம் சொல்லிட்டான். பெத்தவரு இங்க பொம்மை மாதிரி."

சுத்தியல் கையிலேயே நிற்கிறது... ஒரு மாலை ஒரு பெண் வந்தாள், விருந்து உடுப்பு, காலில் குளியலறைச் செருப்பு, ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே எதையோ கத்தினாள், வெளிச்சம் பத்தவில்லை, வீட்டில் ஆட்கள் என்று. நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அது இவளா... முகம் நினைவில்லை, செருப்புதான் நினைவிருக்கிறது, பச்சை. இப்போது காலில் இருப்பது வேறு செருப்பு. இவளுக்கு நினைவிருக்குமா? இருந்தும்தான் கூப்பிட்டாளா, சோறு போட்டாளா?

ஆறும் எரிகிறது. மீட்டர் பன்னிரண்டேகால். அபு சாரி தன் நாற்காலியில் உட்கார்ந்து எதிரிடத்தைக் காட்டுகிறார், பெண் கேட்கிறவர் உட்காரும் இடம். "உக்காரு. சத்தமில்லாம ஏதாவது பேசு. நான் பிடிக்கிறேனான்னு பாப்போம்."

உட்காருகிறேன். வெளிச்சம் முகத்தில் நேராக விழுகிறது, என் வாயை இத்தனை கவனமாக ஒருவரும் பார்த்ததில்லை. உம் சாரியும் வாசலில் நின்று பார்க்கிறாள். நன்றி என்று சொல்லலாம், மன்னிப்பு என்று சொல்லலாம், எது முதலில்... உதட்டைத் திறக்கிறேன்.

"பல்பு," என்கிறார் அபு சாரி, மிகச் சரியாக. "ம், மேல சொல்லு."