விழாத விமானத்தின் துணி

வேலாயி வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள் என்று தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் சொன்னதை ஹேவாஹெட்டப் பக்கத்தில் யாரும் நம்பவில்லை. முன்பு நிறைமாத வயிற்றோடுகூடச் செங்குத்து மலையில் கொழுந்து எடுத்தவள் அவள். வழுக்குகிற கால் இல்லை அது.

நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஆளில்லாத சின்ன விமானம் ஒன்று இஞ்சின் நின்று, பாராசூட் குடைத்துணி விரித்து, மலைச்சரிவில் வந்து மோதியது. இறக்கை வேலாயியின் முழங்காலில் விழுந்தது. கூட நின்ற பெண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பிறகு இராணுவ லொறி வந்து உடைசல்களை அள்ளிக்கொண்டு போனது. யுத்தம் உச்சத்தில் இருந்த வருஷம். விமானமும் இல்லை, விழவும் இல்லை என்றார்கள் இராணுவத்தார். தோட்டத்துரையும் அதையே திருப்பிச் சொன்னார். சொந்தக் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டால் நஷ்டஈடு என்ற பேச்சே எழாது அல்லவா?

டொரதி அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். கண்டியில் ஒரு வாரப் பத்திரிகையின் நிருபர். ஆஸ்பத்திரியில் வேலாயியைப் பார்த்தாள், தோட்டத்துக்குப் போய்ப் பெண்களிடம் பேசினாள், கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவர்களைப் படமும் எடுத்தாள். விமானம் எந்த முகாமிலிருந்து கிளம்புகிறது என்பதைக்கூட விசாரித்துக்கொண்டுதான் வந்தாள்.

பத்திரிகை ஆசிரியர் தியாகராஜா யாழ்ப்பாணத்துக்காரர். படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பிள்ளை, இவையள் எல்லாரும் ஏன் ஒரே செம்மஞ்சள் நிறத்தில இடுப்பில கட்டியிருக்கினம்?"

டொரதி அப்போதுதான் அதைக் கவனித்தாள். மழைக்கும் குச்சிக்கும் இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்கு இல்லாமல் எந்தப் பெண்ணும் தேயிலைக்குள் இறங்கமாட்டாள். அம்மாவின் இடுப்பில் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், படங்கு என்றால் அதைத் தாண்டிப் போய்விடும். மழை ஊறாத, குச்சி கிழிக்காத துணி மலையில் கிடந்தால் கொழுந்துக்காரி சும்மா விடுவாளா? லொறி வருவதற்கு முன்பே விமானத்தின் குடைத்துணியை வெட்டிப் பங்கு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

"இந்தப் படம் வேணாம் சார். வந்தா அன்னைக்கே லயத்துக்குள்ள ஜீப் நிக்கும்."

"சரி, படம் வேண்டாம். முகாமைப் போடுவம்."

"அதுவும் வேணாம்."

தியாகராஜா கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். "என்ர ஊருக்கு மேல இதுதான் சுத்துது. இது பாத்திட்டுப் போனா, பின்னால குண்டு வருது. நான் ஏன் மறைக்கவேணும்?"

டொரதிக்கும் அது தெரியும். அவர் சொன்னது பொய்யில்லை.

"அந்த முகாமுக்குக் கீழ நாலு லயம் இருக்கு சார். யாராச்சும் முகாமுக்கு அடிச்சா, கூரைத் தகரத்துல விழும். உங்க ஊர்ல விழுறது எங்க ஊர்லயும் விழணுமா?"

அவர் குறிப்பில் இருந்த முகாமின் பெயரைப் பேனாவால் அடித்தார்.

"அப்ப என்னத்தைத்தான் எழுதப் போறாய்? அத்தாட்சி ஒண்டும் இல்லாமல்?"

"விழுந்துச்சு, ஒருத்தி கால ஒடைச்சுச்சு. அத எழுதுவேன். அத்தாட்சிக்கு நாளைக்குத் தோட்டத்துக்குப் போறேன்."

மறுநாள் நிறுக்கும் இடத்தில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். விஷயத்தைச் சொன்னாள். துணி இருப்பது என்றைக்காவது தெரியவரும். ஒளித்து வைத்துப் பிடிபட்டால் களவு என்பார்கள், அதைவிடப் பெரிதாகவும் ஏதாவது சொல்வார்கள்.

"எரிச்சிடலாமா?" என்றாள் ஒருத்தி.

"போடி இவளே! இப்பேர்ப்பட்ட படங்க எரிக்கிறாளாம்," என்றாள் ராக்கம்மா. வேலாயிக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவள். "அவங்க சாமான அவங்களுக்கே குடுத்துருவோம். ஆனா நாம கொண்டுபோய்க் குடுக்கக்கூடாது. அவங்களே வந்து கேக்கட்டும். எல்லாருமே கட்டிக்கிட்டு நிப்போம். ஒருத்திய மட்டும் புடிச்சிட்டுப் போக முடியாதுல்ல?"

"நான் போன் பண்ணிச் சொல்லவா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்றாள் டொரதி.

"யோசிக்க என்ன இருக்கு? வேலாயி வழுக்கி விழுந்தாளாம்ல! பேசு புள்ள."

டொரதி அங்கேயே நின்று இராணுவப் பேச்சாளருக்குப் போன் எடுத்தாள். எந்த விமானமும் விழவில்லை என்றார் அவர்.

"நல்லது. அப்படியென்றால் இந்தச் செம்மஞ்சள் குடைத்துணி உங்களுடையது இல்லையே? பெண்களே வைத்துக்கொள்ளலாம்தானே?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

அவர் போனை வைத்துவிட்டார்.

அடுத்த நாள் காலை, ஆட்களைக் கூட்டும் பிரட்டுக் களத்தில் வேலை பிரித்துக்கொண்டிருந்தபோது ஜீப் வந்தது. துரை முன்னால் ஓடினார். இளவயது அதிகாரி ஒருவர் இறங்கி, துணியைத் தரும்படி கேட்டார். சத்தம் போடவில்லை. அத்தனை பேர் முன்னால் போட முடியவுமில்லை.

பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, இடுப்பிலிருந்து அவிழ்த்து, மடித்து வைத்தார்கள். ராக்கம்மா கடைசியாக வந்தாள். தோட்டத்துச் சிங்களத்தில், களம் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்:

"விழாத விமானத்துக்குத் துணி எதுக்கு மாத்தயா?"

சிப்பாய் ஒருவன் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பினான். துரை தரையைப் பார்த்தார்.

அதிகாரி டொரதியிடம் வந்தார். முகாமைப் பற்றி எழுதுவீர்களா என்று தணிந்த குரலில் கேட்டார்.

"இல்லை. அதைக் கேட்டு நீங்கள் நன்றி சொல்ல வேண்டாம். கீழே ஆட்கள் குடியிருக்கிறார்கள், அதனால்தான். வேலாயியின் கால் மட்டும் கட்டாயம் வரும். நீங்கள் வந்து துணியை வாங்கிக்கொண்டு போனீர்கள் என்பதும் வரும்."

வந்தது. முதல் பக்கத்தில், வேலாயியின் முழுப் பெயரோடு. பெயரைப் போடச் சொன்னதே அவள்தான். தியாகராஜா ஒரு சொல்லையும் வெட்டவில்லை. தன் ஊரைப் பற்றித் தனியாக ஒரு தலையங்கம் எழுதிக்கொண்டார்.

அந்த வாரமே துரை ஆஸ்பத்திரிக்கு ஆளனுப்பினார். வேலை நேரத்தில் ஏற்பட்ட காயம் என்று ஏற்றுக்கொண்டார்களாம். வழுக்கல் பேச்சு அதோடு ஒழிந்தது.

டொரதி கட்டிலருகே உட்கார்ந்து செய்தியை வாசித்துக் காட்டினாள். வேலாயி கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் நீட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

"எல்லாம் சரி புள்ள. அந்த மலையில நான் ஒருநாளும் வழுக்குனதில்லன்னு எங்க போட்டிருக்க?"

டொரதி தாளைப் புரட்டினாள். அது இல்லை.

"அடுத்த வாரம் போடுறேன்க்கா."

"போடு. துரையும் படிக்கட்டும்."