அடுப்பங்கரையில் ஓடிய தண்டவாளம்

மலையிலிருந்து கல் ஏற்றி வருவதற்காகப் போட்ட ரயில் பாதை அது. போனால் போகிறதென்று பின்னால் ஒரு பயணிகள் பெட்டியையும் மாட்டிவிட்டார்கள். அவசரம் உள்ளவர்கள் நடந்து போனார்கள். வேலைவெட்டி இல்லாதவர்கள் ரயிலில் போனார்கள். மலையில் கல் தீர்ந்ததும் ரயில் நின்றது. ஊருக்கு அது உறைக்கவே பல நாள் ஆனது, வண்டி தாமதம் என்றே இருந்துவிட்டார்கள்.

அப்புறம் பாதை வீடு வீடாகக் குடியேறியது. தண்டவாளத்தைத் தாங்கிய கட்டைகள் கதவாயின. ஜல்லி அஸ்திவாரமானது. சிக்னல் கம்பத்தில் துணி காய்ந்தது.

மிச்சத்தைச் சைக்கிள் பாதையாக்க வேண்டுமென்று கொடி பிடித்தவர் தையல்காரர், பாதை மீட்புக் குழுவின் தலைவர். கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த சட்டையைக் குழந்தை பிறந்த பிறகு கொடுப்பவர்தான். ஆனால் பாதை விஷயத்தில் சுறுசுறுப்பு. ஒரு சைக்கிள் போகிற அகலம் போதும் என்றார்கள் அதிகாரிகள். "எதிர்ல இன்னொரு வண்டி வந்தா மரத்துலயா ஏறும்?" என்று மல்லுக்கு நின்று அகலத்தை இரட்டிப்பாக்கினார். "ஆக்கிரமிச்சவன் எவனா இருந்தாலும் இடிச்சே தீரணும்!" என்று மேடையில் முழங்கினார். கைதட்டல் காதைக் கிழித்தது.

நில அளவைக்காரர் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே வர, தையல்காரர் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி கூடவே நடந்தார். கோடு ஒரு கோழிக்கூண்டின் குறுக்கே போனது. கூண்டுக்காரி கையைப் பிசைந்தாள். "சட்டம்னா சட்டம்" என்றார் தலைவர். அடுத்து ஒரு வீட்டின் பின்கதவில் கோடு முட்டியது.

"இது யார் வீடுங்க?"

"எவனாவது திருட்டுப் பய..." என்று ஆரம்பித்தவர், கொடியில் தன் சட்டை தொங்குவதைப் பார்த்து வாயை மூடினார். சொந்த வீட்டின் முதுகை அவர் எங்கே பார்த்தார்?

உள்ளே தரையின் குறுக்கே, சிமெண்டில் பாதி புதைந்து, பளபளவென்று தண்டவாளம். அதன்மேல் மனைவி கொதிக்கும் பாத்திரத்தை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது எப்ப வந்துச்சு?"

"நான் மருமகளா வந்தப்ப உங்கப்பா இந்த அடுப்பங்கரையக் கட்டினாரே, அப்பலேருந்து இருக்கு. நீங்கதான் வாசப்படியிலயே நின்னு 'டீ'ன்னு கத்திட்டுப் போயிடுவீங்களே."

"சொல்லக்கூடாதா?"

"நீங்க மேடைப் பேச்சு மனப்பாடம் பண்றப்பல்லாம் சொன்னேன். குறுக்கப் பேசாதன்னீங்க."

தையல்காரர் அளவைக்காரரிடம் குழைந்தார். "கொஞ்சம் வளைச்சு..."

"முதல்ல சொன்ன அகலம்னா வளைச்சிருக்கலாம் சார்."

வாசலில் கூண்டுக்காரி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவர் பதவியை விடுவதா, அடுப்பங்கரையை விடுவதா? தலைவருக்குத் தலை சுற்றியது.

"இடிங்க" என்றாள் மனைவி. தண்டவாளத்தை ஒருமுறை துடைத்தாள். "நாளைக்கு நான் அவ முகத்துல முழிக்கணும்ல?"

"அப்ப சமையல்?"

"முன்னறையில."

முன்னறை அவருடைய தையல் கடை. மின்விசிறி, ஜன்னல், தெருவில் போகிறவர்களின் வம்பு, எல்லாம் அங்கேதான்.

"அப்ப நான்?"

"இடிச்சது போக பின்னாடி கொஞ்சம் மிஞ்சும். உங்க மிஷின் நிக்கும்."

கொத்தனாராக இருந்த அவள் தம்பியே சம்மட்டியோடு வந்தான். "உங்க பேச்சுக்கு நானே விசிலடிச்சேன் மாமா" என்று சொல்லிக்கொண்டே சுவரில் முதல் அடி போட்டான். தையல்காரர் அவனைத் தனியே கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார்.

இப்போது பின்னால் போகிற புதுப் பாதையில், சைக்கிள் செயினில் மாட்டிக் கிழிந்த கால்சட்டைகள் நேராக அவர் மிஷினுக்கே வருகின்றன. தையல்காரர் முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் இடிக்கவிட்டார் என்கிறது ஊர். அவரும் மறுப்பதில்லை.

முன்னறையில், புது அடுப்புக்குப் பக்கத்தில், மச்சானிடம் சொல்லி அறுத்தெடுத்த தண்டவாளத் துண்டு கிடக்கிறது. மூச்சு வாங்க அவரே தூக்கி வந்து போட்டது. அவள் பாத்திரத்தை வைத்துப் பார்த்தாள். "ஆடல" என்றாள், அவ்வளவுதான்.

பின்னாலிருந்து "டீ" என்று கத்தினால் முன்னறைக்குக் கேட்பதில்லை. அவரே எழுந்து போய் ஊற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நேற்று ஊற்றும்போது, அவளுக்கும் ஒரு டம்ளர் ஊற்றினால் என்ன என்று தோன்றியது. கல்யாணமாகி இத்தனை காலம் கழித்து. ஆனாலும் அந்தப் பாதையில் ஓடிய வண்டிகளோடு ஒப்பிட்டால், தாமதம் என்று சொல்லிவிட முடியாது.