அத்தாவின் நம்பர்

சமீனா வேலை தேடத் தொடங்கி இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகியிருந்தன. தேடினாள் என்றதும் செருப்புத் தேய அலைந்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். உத்தமபாளையத்து வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து செல்போனில் விரல் தேயத் தேடினாள். எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ், எண்பத்தோரு சதவீதம். வேலை தேடும் தளத்தில் இதுவரை விண்ணப்பித்தது இருநூற்றுப் பன்னிரண்டு இடங்கள். ‘உங்கள் விண்ணப்பம் பார்க்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் ஒரு வரி வரும். அதற்கப்புறம் கிணற்றில் போட்ட கல்தான்.

அந்தத் தளத்தில் அவள் பெயருக்குக் கீழே இருந்தது அவளுடைய அத்தாவின் நம்பர். பெண்பிள்ளை நம்பரை இன்டர்நெட்டில் போட்டால் கண்ட கழிசடையும் கூப்பிடும் என்று தகப்பனார் கலீல் ரஹ்மான் தன் நம்பரைக் கொடுத்திருந்தார். அந்தத் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் அதுதான் வழக்கம். ரேஷன் கார்டிலிருந்து கேஸ் புக்கிங் வரை அத்தா நம்பர், நிக்காஹ் ஆனபின் மாப்பிள்ளை நம்பர். சமீனாவுக்கும் அதில் குறையாக ஒன்றும் தோன்றவில்லை. அவர் வீடு திரும்பியதும் கேட்பாள்.

“அத்தா, எனக்கு ஏதும் போன் வந்துச்சா?”

“வரலம்மா.” சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொல்வார். “வரும். அல்லா கைவிட மாட்டான்.”

அவளோடு படித்த ஏஞ்சல் பெங்களூருக்குப் போய் இரண்டாவது கம்பெனிக்கும் மாறிவிட்டாள். தனக்கு மட்டும் ஒருவரும் கூப்பிடாததற்குத் தன் இங்கிலீஷ்தான் காரணம் என்று சமீனா முடிவு கட்டியிருந்தாள். பிறகு தன் மூளையும்தான் என்று சேர்த்துக்கொண்டாள். இருபத்தைந்து வயதில் தன்னை ஒன்றுக்கும் ஆகாதவள் என்று நம்பிவிட்டாள், பாவி மகள்.

இந்த நிலையில்தான் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று ஆன்லைனில் பரீட்சை வைத்தது. பள்ளிக்கூடங்களுக்கான ஆப்பில் பிழை கண்டுபிடிக்கிற வேலை. சமீனா ஒன்பதாவதாக வந்திருந்தாள். ‘அடுத்த வாரம் போனில் பேசுவோம்’ என்று மெயில் வந்தது. அதை அவள் அத்தாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். அவரும் தலையாட்டிக் கேட்டார். அந்த அடுத்த வாரம் வந்து, திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று நாலு நாளும் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஈஸ்வரபாண்டி வந்து வாசலில் நின்றார். சுருளிப்பட்டியில் அவருக்குத் திராட்சைத் தோட்டம். கேரளத்து வியாபாரிகளுக்கு அவருடைய பழத்தைப் பேசி முடித்துக் கொடுப்பது கலீல் ரஹ்மான்.

“பாய், வியாழக்கிழமை வெட்டச் சொன்னது நீங்க. வெட்டிட்டேன். லாரியக் காணோம். கேட்டா, சனிக்கிழமைன்னுதான் சொன்னேங்கிறான் கோட்டயத்துக்காரன். பன்னீர்த் திராட்சை பெட்டியில கெடந்து ஒழுகுது. இப்ப யாரு சொல்றது பொய்யி?”

கலீல் ரஹ்மானுக்கு முகம் சுண்டிவிட்டது. முப்பது வருஷ வியாபாரத்தில் அவரை அப்படி ஒருவர் கேட்டதில்லை. “எல்லாம் போன்ல இருக்கு பாண்டி. போன் பொய் சொல்லாது. சமீனா, இங்கன வாம்மா. அந்தக் கோட்டயத்துக்காரரு ஆளாளு போன வாங்கிப் பேசுவாரு. பேரில்லாத நம்பரெல்லாம் கேட்டுப் பாரு.”

அவருடைய போனில் பேசுகிற பேச்செல்லாம் தானாகப் பதிவாகும். நேற்றுச் சொன்னதை இன்று மாற்றுகிற வியாபாரிகளுக்காக அப்படி ஏற்பாடு செய்து கொடுத்தவள் சமீனாதான். அதில் பதிவாவது வியாபாரிகளின் பேச்சு மட்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவ்வளவு தைரியமாக மகள் கையில் போனைக் கொடுத்திருப்பாரா?

சமீனா போனோடு அடுப்படிக்குப் போனாள். தோட்டத்தைப் பேசி முடித்தது திங்கட்கிழமை என்பதால் அங்கிருந்து தொடங்கினாள். முதலாவது, கடன் வேண்டுமா என்று கேட்கிற குரல். இரண்டாவதில் ஒரு பெண் பேசினாள்.

“வணக்கம் சார், கோயம்புத்தூர்ல இருந்து பேசறேன். சமீனா இருக்காங்களா? அவங்க பரீட்சை நல்லா எழுதியிருக்காங்க. ரெண்டு நிமிஷம் பேசணும்.”

பிறகு அத்தாவின் குரல் வந்தது.

“சமீனாவா? அப்படி யாரும் இங்கன இல்ல மேடம்.”

சமீனா அதை நிறுத்திவிட்டு மறுபடி கேட்டாள். அதே குரல்தான், ராத்திரி சாப்பிட்டியாம்மா என்று கேட்கிற குரல். பதிவுகளைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். தை மாதத்தில் ஒன்று இருந்தது. “கல்யாணம் நிச்சயமாயிருச்சு மேடம்.” போன ரமலானில் இன்னொன்று. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை சார் என்று அதில் பேசிய பெண் கெஞ்சாத குறையாகச் சொன்னாள்.

“நல்லாப் படிச்சவ மேடம், காலேஜ்ல ரெண்டாவதா வந்தா. ஆனா வேணாம். இப்ப வீட்லம்பீக, நாளைக்கு ஆபீசுக்கு வாம்பீக. எங்களுக்கு அவ ஒத்தப் பிள்ள.”

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அதுவும் எப்படி? தடவிக் கொடுத்துக்கொண்டே மேய்ந்திருக்கிறது. திங்கட்கிழமை சாயங்காலம் அவர் கம்பத்திலிருந்து அல்வா வாங்கி வந்தது அவளுக்கு நினைவு வந்தது. போன் வரலைன்னா என்ன, நீ தின்னும்மா என்று பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகக் கொடுத்தார். அவளும் நெய் ஒட்டிய காகிதத்தை வழித்துத் தின்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

“கெடச்சுச்சாம்மா?” முன்னறையிலிருந்து கூப்பிட்டார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு செவ்வாய்க்கிழமைப் பதிவைத் தேடி எடுத்தாள். கோட்டயத்துக்காரர் உரக்கப் பேசியிருந்தார்: “பாயி, வியாழாழ்ச்ச வெட்டிக்கோ. வண்டி வரும்.”

ஈஸ்வரபாண்டி அதை இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டார். “மன்னிச்சுக்கங்க பாய். உங்கள சந்தேகப்பட்டது என் புத்தி. அந்தாள நான் பாத்துக்கிறேன்.” போகிற போக்கில் சமீனாவைப் பார்த்து, “நீ நல்லா இருக்கணும் தாயி” என்று சொல்லிவிட்டுப் போனார். கலீல் ரஹ்மான் நெஞ்சு நிமிர்ந்து ஜும்மா தொழுகைக்குக் குளிக்கப் போனார்.

சமீனா அந்தக் கோயம்புத்தூர் நம்பரைத் தன் போனிலிருந்து கூப்பிட்டாள். பயந்த மாதிரி இங்கிலீஷ் ஒன்றும் தேவைப்படவில்லை, அந்தப் பெண் தமிழில்தான் பேசினாள்.

“சமீனாவா? உங்க நம்பர்ல அப்படி யாரும் இல்லைன்னு சொன்னாங்களே. ரெண்டு நாள் பார்த்தோம். அப்புறம் லிஸ்ட்ல அடுத்து இருந்த பொண்ணுகிட்டப் பேசிட்டோம். நேத்து சேர்ந்துட்டாங்க. ஸாரிங்க.”

“பரவாயில்லீங்க” என்றாள் சமீனா. அவளுக்குப் பரவாயில்லாமல் இல்லை. இரண்டு வருஷம் தன்னைத்தானே திட்டிக்கொண்ட ஒவ்வொரு ராத்திரியையும் யாரிடம் திருப்பிக் கேட்பது?

வேலை தேடும் தளத்தைத் திறந்தாள். அத்தாவின் நம்பரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போட்டாள். ‘உங்கள் பழைய நம்பருக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம்’ என்றது அது. முன்னறையில் டிங் என்று சத்தம் கேட்டது.

கலீல் ரஹ்மான் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். சமீனா நிலைப்படியில் வந்து நின்றாள்.

“அத்தா, உங்க போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும். படிச்சுச் சொல்லுங்க.”

“எதுக்கும்மா?”

“வேலைக்கு என் நம்பரக் குடுக்கப் போறேன். எல்லாத்தையும் கேட்டுட்டேன் அத்தா. ரமலான்ல பேசினது, தையில பேசினது, திங்கக்கெழம பேசினது.” குரல் உடைந்துவிடாமல் பிடித்துக்கொண்டாள். “நான் இங்கனதான அத்தா இருந்தேன். இந்தச் செவத்துக்கு அந்தப் பக்கம்தான இருந்தேன்.”

காலையில் ஒரு சொல்லுக்காக முகம் சுண்டிப்போன அந்த மனுஷர் பையிலிருந்து போனை எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். எழுத்து மங்கலாகத் தெரிந்ததோ என்னவோ, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

“நாலு… ஏழு…” என்று படித்தார். அதற்குமேல் படிக்காமல் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அத்தா அழுது அவள் பார்த்ததே இல்லை.

“எங்கள விட்டுட்டுப் போயிருவியாம்மா?”

சமீனாவுக்கு ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. நின்ற இடத்திலேயே நின்றாள்.

“மிச்சம் நாலையும் சொல்லுங்க அத்தா” என்றாள்.