ரெண்டு மாப்பிள்ளைப் பிளக்

முருங்கனில் எங்கள் விறாந்தையில் நிற்கிற கேம் பெட்டி மாதிரி ஒன்று அமெரிக்காவிலும் கிடையாது. பழைய தேக்கு அலுமாரியைப் பிளந்து நானே செய்தது. கட்டுக்கரைக் குளம் உடைத்துக்கொண்டு வந்தாலும் வீடுதான் மிதந்து போகும், பெட்டி அசையாது. உள்ளுக்குள் ஒரு சின்னக் கம்பியூட்டர், மேலே ரீவி. முன்பக்கத்துக் கைப்பலகையைக் கழற்றி மாற்றலாம் என்பதுதான் விசேஷம். சண்டைக்கு இரண்டு ஜோய்ஸ்ரிக் வைத்த பலகை, கார் ஓட்டத்துக்கு ஸ்ரியறிங் வைத்த பலகை, எல்லாவற்றுக்கும் ஒரே பிளக். இழுத்துச் செருகினால் சரி.

பலகைகள் பேசாலை வலன்ரைனின் பொறுப்பு. படகு எஞ்சின் திருத்தி ஓய்ந்தவன். இளந்தாரி வயதில் நாங்கள் இரண்டு பேரும் கொழும்பில் வேலை செய்தபோது ஒரு கேம் கடையிலேயே குடியிருந்தோம். ஒரு லட்சம் ஆட்டமாவது ஆடியிருப்போம். கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தால் வலன்ரைனைக் கேளுங்கள், அவன் இரண்டு லட்சம் என்பான். ஆனால் ஆர் கெட்டிக்காரன் என்பது மட்டும் தீரவேயில்லை. அதைத் தீர்க்கத்தான் இந்தப் பெட்டி.

வேலை பாதியில் நிற்கும்போது பாரிசில் இருக்கிற அவனுடைய மகள் டிலோஜினி கூப்பிட்டாள். வராது, வராது என்றிருந்த அவனுடைய விசா வந்துவிட்டது. போனால் போனதுதான், இந்த வயதில் ஆர் திரும்பி வருகிறார்கள்? அவசர அவசரமாக நான் இங்கே, அவன் பேசாலையில், போனில் கதைத்துக்கொண்டே முடித்தோம்.

"பெட்டியில ஆண் பிளக் வைக்கிறன்," என்றேன்.

"ஓம், அப்ப பலகையில பெண்," என்றான்.

இதைவிடத் தெளிவாக உலகத்தில் எவனும் கதைத்திருக்க மாட்டான்.

பயணம் போகிற அன்று மத்தியானமே பலகைகளோடு வந்து இறங்கினான். பின்னேரம் வான் எங்கள் வாசலுக்கே வந்து அவனை ஏற்றும். ஆட்டத்துக்கு நேரம் தாராளம். பலகையைத் தூக்கி வைத்து, பிளக்கைப் பிளக்கோடு நீட்டினோம். என்னுடையதிலும் ஊசி. அவனுடையதிலும் ஊசி.

"டேய், பெண் எண்டல்லோ சொன்னனீ?"

"இதுதான்ரா பெண். ஊசியைச் சுத்தி இருக்கிற வளையத்தைப் பார். ஓட்டைப் பிளக்கின்ர வளையம் இதுக்குள்ளதான் போகுது. உள்ள போறது ஆண், உள்ள விடுறது பெண். எஞ்சின் குழாய் எல்லாம் அப்பிடித்தான்."

"குழாய் பூட்டுறவன்ர மூளை! ஊசி இருந்தால் ஆண், ஓட்டை இருந்தால் பெண் எண்டு தெரியாதோ?"

என் மனுசி இராசேஸ்வரி தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, ரெண்டு மாப்பிள்ளையை மணவறையில இருத்திப்போட்டு என்ன முழிக்கிறியள்?"

மன்னார் ரவுணில் வயர், பிளக் விற்கிற அபூசாலியின் கடைக்குப் போன் எடுத்துக் கேட்டோம். இரண்டு ஊசிப் பிளக்குக்கு நடுவில் போடுகிற துண்டு கொழும்பில் இருந்துதான் வரவேணுமாம். மிச்சம் ஒரே வழி: ஒரு பிளக்கை வெட்டி, ஓட்டைப் பிளக் ஒன்றைப் பற்றவைப்பது. அது என் மேசை லாச்சியிலேயே கிடந்தது.

"உன்ரதை வெட்டு," என்றான் அவன். "பெட்டியில ஒண்டுதான் கிடக்கு. பலகை எண்டால் எல்லாத்தையும் வெட்ட வேணும்."

"சண்டைப் பலகையை மட்டும் வெட்டு. இண்டைக்கு அது போதும்."

"பிழை விட்டவன் வெட்டட்டும்."

"அதைத்தான் நானும் சொல்லுறன்!"

ஆர் பிழை என்று தொடங்கியது கொழும்புக் காலத்துக்குப் போய், அவன் ஒருமுறை என் முழங்கையைத் தட்டி வென்றது வரைக்கும் ஓடியது. வாய் நிறையச் சிரிப்புத்தான். சந்தோசமாகத்தான் சண்டை பிடித்தோம். பற்றவைக்கிற சோல்டரிங் அயன் மட்டும் ஒரு பக்கத்தில் சும்மா சுட்டுக்கொண்டு கிடந்தது. வாசலில் ஹோர்ன் கேட்டபோதுதான் இருவருக்கும் வாய் நின்றது.

"வெட்டியிருக்கலாம், என்ன?" என்றான் வலன்ரைன். என்னை ஒருமுறை கட்டிப்பிடித்தான். பலகைகளை வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த நாள் காலை என்னுடையதை வெட்டினேன். ஒரு கட்டு முருங்கைக்கீரை ஆய்கிற நேரம் கூட எடுக்கவில்லை. பலகை கச்சிதமாகப் பூட்டியது. வலது கை எனக்கு, இடது கை அவனுக்கு என்று ஆடிப் பார்த்தேன். இடது கைக்கு முழங்கையைத் தட்டத் தெரியவில்லை.

போன கிழமை பாரிசில் இருந்து போன் எடுத்தான். குளிராம், மூக்கு இருக்கிறதோ என்று தடவித்தான் பார்க்க வேண்டுமாம்.

"பெட்டி ஓடுதோ?"

"ஓடுது. பொத்தான் எல்லாம் நல்லா வேலை செய்யுது."

"அப்ப ஆர் வெண்டது?"

எதற்கும் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லுகிறவன், அன்று உள்ளதை மட்டும் சொன்னேன்.

"நீ இல்லாமல் எப்பிடியடா வெல்லுறது," என்றேன்.